ஒரு அவார்டு, மூன்று பேர்

காலையில் போடியிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் அக்காமாரோடு ஜீப்பில் ஏறினேன்.

டிவியில் பாட்டு அவார்டு விழா வந்த மறுநாள் எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த பாடகரின் பாட்டைத்தான் டிரைவர் முருகேசண்ணன் மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டு வரைக்கும் போடுவார். தோற்ற கட்சி வளைவுக்கு வளைவு அவரைத் திட்டிக்கொண்டே வரும்.

இந்த வருடம் விழா டிவியில் வரவில்லை. ஏதோ ஆப்பில் போட்டார்களாம். அடுத்த வருடம் நடக்குமா என்பதே சந்தேகமாம்.

"சரி, யாருக்குத்தேன் குடுத்தாக?" என்றார் அண்ணன்.

"எங்காளுக்குத்தேன்" என்று செல்வியக்கா போனை நீட்டினார். அதில் அவருக்குப் பிடித்த பாடகர் கோப்பையோடு நின்றார்.

"போ ஆத்தா, எங்காளு வாங்குனத நான் பாத்தேன்ல" என்று பாண்டியம்மாள் அக்கா தன் போனைக் காட்டினார்.

என் போனில் என் ஆள் அழுதுகொண்டே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

எது இந்த வருடத்து வீடியோ, எது பழசு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சண்டையும் வரவில்லை. அவரவர் இயர்போனை மாட்டிக்கொண்டார்கள்.

"எல்லாரும் செயிச்சுட்டா நான் எந்தப் பாட்டத்தேன் போடுறது?" என்றார் அண்ணன். அவர் பாட்டே போடவில்லை.

போன முறை தோற்ற கட்சி நான். ஜெயித்த பாட்டைக் கேட்கப் பிடிக்காமல் மெட்டு வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டே வந்தேன். இன்று அந்தப் பாட்டையாவது போட்டிருக்கலாம் என்றிருந்தது.

உங்கள் போனில் யார் ஜெயித்தது? தோற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எங்கள் ஜீப்பில் இடம் போட்டு வைக்கிறோம்.