சாருக்கு ஹை, மத்ததுக்கு லோ

போன செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். இல்லை... செய்யாமல் இருந்தேன் என்பதுதான் சரி.

அண்ணாமலை நகரில் செல்வத்தின் பிரவுசிங் சென்டர். மழையில் கேபிள் அறுந்துவிட்டதால், கடை முழுவதும் அவருடைய ஒரே செல்போன் நெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டிலும் நெட் இல்லை. மச்சானின் புதுவீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவைத் துபாய் உறவுகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்கவில்லை - அது வேறு விஷயம்.

"சார், உங்க சிஸ்டத்துக்கு நெட் ஹை போட்டுட்டேன். மத்ததுக்கெல்லாம் லோ. உங்க ஃபைல் போனப்புறந்தான் மத்தவுங்களுது" என்றார் செல்வம். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்று ஊருக்குள் ஒரு மரியாதை. கசக்குமா என்ன?

பக்கத்து சிஸ்டத்தில் திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு பெண். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம். அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. சான்றிதழ் அன்று காலைதான் கைக்குக் கிடைத்ததாம். வயது வரம்பும் இந்த வருடத்தோடு முடிகிறது என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சுத்திக்கிட்டே இருக்குது. ஏற மாட்டேங்குது" என்றார் செல்வத்திடம்.

"சர்வர் பிஸிம்மா. கடைசி நாள்ல எல்லாரும் ஒண்ணா வந்தா என்னா பண்றது?"

சர்வர் பிஸி இல்லை. எனக்கும் தெரியும், செல்வத்துக்கும் தெரியும். அந்தப் பெண் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு பக்கம். என்னுடையது வாழைமரம் கட்டியதில் ஆரம்பித்துப் பந்தி வரை ஒன்றரை மணி நேரம். "அந்தம்மாவுக்கு மொதல்ல விடுப்பா" என்று ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம். ஆனால் என் திரையில் தொண்ணூறு சதவீதம் காட்டியது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இதோ முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் தெரிந்தவர்களை முன்னால் விடுகிறார்கள் என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் பொங்கியிருக்கிறேன்? வெட்கமாக இருக்கிறது.

என் வீடியோ போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி மூன்று நிமிடம். அந்தப் பெண்ணின் திரையில் 'கால அவகாசம் முடிந்தது' என்று வந்திருந்தது.

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பைக்குள் வைத்தார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "உங்களுது போயிடுச்சா சார்?" என்றார்.

"போயிடுச்சும்மா."

"உங்களுதாவது போச்சே."

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. மனதாரச் சொன்னார்.