கணபதி தேங்காயும் கரிவாயு வண்டியும்

யுத்தம் வந்ததும் எனக்குத் தெரிந்த விஞ்ஞானிகள் எல்லோரும் கரி வியாபாரிகள் ஆனார்கள். நானும் ஆனேன். அதற்கு முன்னால் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் எலுமிச்சைப் புல்லிலிருந்து எடுக்கும் புல்தைலத்தைக் காய்ச்சி, பிரித்து, மோந்து பார்த்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் அடுப்புகளுக்கான வாயு, பின்கட்டில் இருந்த ஒரு யந்திரத்தில் பெட்ரோலிலிருந்து வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் யந்திரம் கண்ணை மூடியது. ஸ்டவ் வைக்கலாம் என்றால் மண்ணெண்ணெய்க்கும் அதே கதி. கரியடுப்பில் வைத்த குடுவை படீரென்று வெடித்து, கூடம் முழுக்க எலுமிச்சை வாசனை பரவியது. என் ஆராய்ச்சியில் மிஞ்சியது அந்த வாசனைதான்.

என் பேராசிரியர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், பிழைக்கத் தெரிந்தவர். "தைலத்தை மூட்டை கட்டி வைடா. சர்க்கார் இப்போ எதுக்குப் பணம் தர்றதோ அதுதான் சயின்ஸ்" என்றார். சர்க்கார் பணம் தந்தது பெட்ரோல் இல்லாமல் ஓடும் வண்டிக்கு. பீப்பாயில் சிரட்டைக்கரியை, அதாவது கொட்டாங்கச்சியைச் சுட்ட கரியை, போட்டு எரித்து, அதில் வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் விட வேண்டும். ஊரில் கரி பஸ்கள் ஏற்கெனவே ஓடத்தான் செய்தன. ஏற்றம் வந்தால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ளினார்கள். எங்கள் வண்டி தள்ளாமலே மலையேறும் என்று மனுவில் எழுதிக் கொடுத்திருந்தோம். எழுதுவதற்கு என்ன, பெட்ரோலா வேண்டும்?

வண்டி என்பது பேராசிரியரின் பழைய கார், முதுகில் ஒரு பீப்பாயோடு. பெரிய அதிகாரி ஒருவர் அதில் ஏறிப் பொன்முடி மலை வரை போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. வண்டி மலையேறினால் என் வேலை நீடிக்கும். ஏறாவிட்டால் அந்த மாதத்தோடு சரி. ஆரியசாலையில் தாய்மாமன் கடையில் மிளகாய்வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டியதுதான். மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. திருநெல்வேலியிலிருந்து என்னைக் கூட்டிவந்து படிக்க வைத்ததே கடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதான். கெமிஸ்ட்ரி படித்தால் மிளகாய்ப்பொடியில் செங்கல்பொடியைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பியவர். எனக்கோ மிளகாய் நெடிக்குக் கரியே தேவலை. அது அவருக்கும் தெரியும்.

ஆனாலும் அன்று காலை நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். "போற வழியில கரிமூட்டையை யாரு தூக்குவா? உங்க வாத்தியாரா?" என்று தானே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தோளில் சலவைத்துண்டு, மடியில் ஒரு சாக்குப்பை. பையில் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நெடுமங்காட்டில் அதிகாரிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தோம். கிளம்பிக் கொஞ்சதூரம் போனதும் வண்டிக்குள் ஒரு வாசனை, தேங்காய் சுடும் வாசனை. அதிகாரி மூக்கை உறிஞ்சி, "நல்ல சம்மந்தி மணம் உண்டல்லோ!" என்றார்; அவர்கள் ஊரில் சம்மந்தி என்றால் தேங்காய்த் துவையல். பேராசிரியர் சற்றும் தயங்காமல், "சிரட்டைக்கரியோட குணம் சார் அது" என்று விஞ்ஞானம் பேசினார். விதுரையைத் தாண்டும்போது வண்டி இருமியது. கல்லாற்றில், மலையேற்றம் தொடங்குகிற இடத்தில், மூச்சை நிறுத்திவிட்டது.

குழாயைக் கழற்றினேன். உள்ளே கீல் மாதிரி கறுப்புப் பிசின். அந்த நேரம் பார்த்துத் தேயிலைத் தோட்டத்து லாரி ஒன்று பெட்ரோல் வாசனையோடு எங்களைக் கடந்து மலையேறியது. விஞ்ஞானத்துக்கு இல்லாத பெட்ரோல் தேயிலைக்கு இருந்தது.

"எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்றென்று கேட்டார் அதிகாரி. பேராசிரியர் என்னைக் கைகாட்டினார். "கரி இவன் பொறுப்பு சார். ஈரக்கரியைப் போட்டிருப்பான்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீப்பாயைத் திறந்து இடுக்கியால் துழாவினேன். பாதி எரிந்த சிரட்டைச் சில்லுகள் வந்தன, தேங்காய்ப் பருப்போடு. பிசினுக்குக் காரணம் கரியாகாத அந்தப் பச்சைச் சிரட்டைதான்; அது எப்படி உள்ளே போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாமா ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், மறுநாளே கடைக்கு ஆள் கிடைத்திருக்கும். ஆனால் அவர் மேலே ஏறிவந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நான்தான் போட்டேன் சாரே. வண்டி மலையேறணும்னு பழவங்காடி கணபதிக்குத் தேங்கா உடச்சேன். ஒரு சாக்கு இருக்கும். சிதறினதைப் பொறுக்கிக் கொண்டுவந்து, நீங்க காப்பி குடிக்கப்போ உள்ள தட்டினேன். சிரட்டைதானே இதுக்குத் தீனி, சாமிக்கு உடச்ச சிரட்டைன்னா இன்னும் நல்லா ஓடும்னு நெனச்சேன். பையன் மேல ஒரு குத்தமும் இல்ல, கேட்டேளா."

சந்தையில் எவனுக்கும் தலைவணங்காத மனுஷர். அதிகாரி இருமல் வரும்வரை சிரித்தார். "அப்போ யந்திரத்தின்றெ குற்றம் அல்ல" என்றார். குழாயைக் கழுவி, நல்ல கரி போட்டு, விசிறியைக் கைவலிக்கச் சுற்றிக் கிளப்பினோம். முதல் வளைவில் மட்டும் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. தள்ளியது மாமாதான். அதிகாரி பெருந்தன்மையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வேலை நீடித்தது. பிசினைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று செய்தேன், நன்றாகவே செய்தேன். அது முடிகிற சமயத்தில் யுத்தம் முடிந்தது. பிறகு பெட்ரோல் தாராளமாக வர, சர்க்காருக்குக் கரிமேல் இருந்த காதல் தீர்ந்தது. என் வடிகட்டி சாலைக் கடைத்தெருவில் பழைய இரும்பாகப் போயிற்று. பேராசிரியர் பணம் வரும் வேறு சயின்ஸுக்கு மாறிவிட்டார்.

நான் ஆரியசாலைக்கு நடந்தேன். அவமானமாக இருந்தது. மாமா விஷயத்தைக் கேட்டார்.

"ஏலே, பெட்ரோல் வந்துட்டுன்னா நீ படிச்சது பொய்யாயிருமோ?"

"கடையைப் பாத்துக்கிடுதேன் மாமா" என்றேன்.

"இந்தத் துண்டை நான் ஒருத்தன் முன்னாலயும் இறக்கினது இல்ல. அன்னைக்கு இறக்கினது நீ இங்க வந்து மிளகா நிறுக்கவா? போலே. எங்கயாவது போயி உன் புல்லைக் காச்சு."

சொல்லிவிட்டு, எனக்காக இத்தனை வருஷம் காலியாக வைத்திருந்த உட்காரும் பலகையின்மேல் ஒரு வத்தல் மூட்டையை இழுத்துப் போட்டார்.