மாசிலாமணி அண்ணனின் குறிப்புகளை நான் அழித்தது

மொத்தம் பைசா பிசகாமல் வந்தது. அதனால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதலமடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாசிலாமணி அண்ணன் மாங்காய் மண்டியில் எடை போட்டவர். ஒன்பது வருஷ வீட்டுக் கணக்கைப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமில் ஏற்றி வைத்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டன. அவர் மனைவி ருக்குமணி அக்கா, கணக்கைப் போன் ஆப்புக்கு மாற்றித் தரச் சொன்னார். பழைய கம்ப்யூட்டரை நான் எடுத்துக்கொண்டு கூலியில் கழிப்பதாகப் பேச்சு.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தேன். தேதி, செலவு, தொகை ஒழுங்காக வந்தன. கடைசிப் பத்தி நோட்ஸ். அதில் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பை. ஆப் ஏற்கவில்லை. அந்தப் பத்தியை டெலீட் செய்து ஏற்றினேன். பழைய ஹார்டு டிஸ்கை ஃபார்மட் அடித்தேன்.

மூன்றாம் நாள் அக்கா வந்தார்.

"தம்பி, காசெல்லாம் இருக்குதுங்க. அவரு எழுதுனதக் காணமே?"

"என்னங்கக்கா எழுதுனாரு?"

"ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்துல தமிழ்ல என்னமோ எழுதுவாரு. என்னையப் படிக்க உடமாட்டாரு. இப்பத்தான் படிக்கட்டுங்களான்னு கேட்டேன். தலையாட்டுனாரு. அவரு பேச்சுன்னு இனி அது ஒண்ணுதானுங்க இருக்குது."

அப்போதுதான் புரிந்தது. அண்ணன் பழைய தமிழ் ஃபாண்டில் அடித்திருக்கிறார். அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் தமிழ் அப்படித்தான் தெரியும்.

"நான் அழிச்சுப்புட்டேனுங்கக்கா."

அக்கா திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். "தேடிப் பாருங்க தம்பி" என்றார்.

ரெகவரி சாஃப்ட்வேர் இரண்டு நாள் ஓடியது. நாலு வருஷத்துக் குறிப்பு கிடைத்தது. ஐந்து வருஷம் போனது போனதுதான். கிடைத்ததை இப்போதைய தமிழ் எழுத்துக்கு மாற்றி, போனில் ஏற்றி, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா கட்டிலில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்.

"வளையல், நூத்தியிருவது. கேக்க மாட்டா. அதனால வாங்கினேன்."

கை வளையலை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அடுத்தது.

"குடை, நூத்தியெம்பது. மூணாவது குடை. தொலைச்சது நானில்ல."

"பொய்யுங்க தம்பி! மூணையும் இவருதான் பஸ்ஸுல உட்டுட்டு வந்தாரு. ஏனுங்க, எழுதி வெச்சா நெசமாயிருமா?"

அண்ணனுக்கு வாயின் ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்புத்தான்.

"மிச்சம் அஞ்சு வருசம் வரலீங்கண்ணா. என் தப்புங்க" என்றேன்.

அண்ணன் இடது கையால் போனைக் காட்டினார். பிறகு அக்காவைக் காட்டினார்.

"நானா எழுதோணும்?" அக்கா குறிப்பில்லாத ஒரு செலவைத் திறந்தார். "மருந்து, அறுவது. இது எதுக்குங்க?"

அண்ணன் அக்காவின் முழங்காலைத் தொட்டார்.

"அட, என்ற முட்டிக்கா!" அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க ஆரம்பித்தார். நான் கிளம்பினேன். கூலி வாங்கவில்லை.

நோட்ஸ் என்று ஒரு பத்தி இருந்தால், கணக்குக்கு உரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய கம்ப்யூட்டரிலேயே ஒரு வரியாவது வாசிக்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் டெலீட்டில் கை வையுங்கள்.