டிக் விழுந்தது, படம் வரவில்லை

நேற்று எங்கள் தெருமுனையில் மின்கம்பி ஒன்று தாழ்ந்து தொங்கியது. படம் எடுத்துப் புகார்ப் பக்கத்தில் ஏற்றினேன். பச்சை டிக் விழுந்தது. மற்றவர்கள் இந்த இடத்தில் போனைப் பையில் போட்டுக்கொண்டு சாயா குடிக்கப் போவார்கள். நான் மின்சார ஆபீசுக்கே நடந்து போய், "படம் வந்திருக்கிறதா, திறந்து பாருங்கள்" என்று நின்றேன். அங்கிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் இது பழகிப்போன பைத்தியம். உங்களுக்குப் புதிது என்பதால் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டிக்கு மேல்மாடியில்தான் என் முதல் வேலை. கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். ஐஸ் பிளான்ட் இயந்திரங்களைப் பராமரிக்கும் கம்பெனி. புகார்கள் ஹெல்ப் டெஸ்க் என்ற இணையப் பக்கத்தில் டிக்கெட்டுகளாக வந்து விழும். தமிழில் வருபவை எனக்கு. வீட்டில் தமிழ் பேசினாலும் நான் படித்தது மலையாளம். அன்று நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அனுப்பியவர் அடுத்ததை அனுப்பியிருப்பார். ஆபீசில் மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது என்பதால் நான் தமிழ்ப் பண்டிதன்.

ஒரு சட்டம் இருந்தது: படம் இல்லாமல் மெக்கானிக் போகமாட்டார். யாரோ சுவிட்சைப் போட மறந்துவிட்டு ஆளை வரவழைத்த நாளிலிருந்து வந்த சட்டம்.

கும்பளங்கியில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் ஆபரேட்டராக இருந்தவர் முருகேசன் அண்ணன். தென்காசிப் பக்கத்துக்காரர். பிளான்ட்டுக்கு மேலேயே ஓர் அறையில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளுடன் குடியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய டிக்கெட் வந்தது. "அம்மோனியா லைன் ஜாயின்ட்ல வாடை அடிக்குது. போட்டோ வச்சிருக்கேன்." போட்டோ இல்லை. மீண்டும் அனுப்பச் சொல்லி எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் போன். "தம்பி, டிக்கு விழுந்துச்சே. சரி, இப்பப் புதுசா எடுத்துப் போட்டிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். இல்லை.

இங்கேதான் எங்கள் சாமர்த்தியம். டிக்கெட்டின் தலைப்பு 'வாயுக் கசிவு'. படம் வராமல் கசிவு என்று எப்படிச் சொல்வது? கண்ணுக்குத் தெரிந்த பிரச்சினை படம் ஏறாததுதான். ஆகவே, சொல்லித் தந்திருந்த முறைப்படி, தலைப்பை 'இணைப்பு ஏறவில்லை' என்று மாற்றினேன். டிக்கெட் மெக்கானிக் வரிசையிலிருந்து நழுவி, சர்வர் பார்க்கும் ரெஜி சேட்டனின் வரிசையில், பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அதன்பின் வைத்தியம் தொடங்கியது. வேறு பிரவுசரில் முயலுங்கள். வேறு போனில் எடுங்கள். கிட்டப் போய்த் தெளிவாக எடுங்கள். மனிதர் எதற்கும் மறுக்கவில்லை. "வீட்டுக்காரி போன்ல எடுத்தேன்." "கிட்டப் போயி எடுத்தேன், கண்ணு எரியுது." நான் இங்கே சோதிப்பதற்கு என் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஏற்றுவேன். கண் சிமிட்டுவதற்குள் ஏறிவிடும். "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று எழுதுவேன். சர்வர் நிறைய என் மூஞ்சி. வாடையை இணைக்கத்தான் அந்தப் பக்கத்தில் பொத்தான் இல்லை.

வியாழக்கிழமை ரெஜி சேட்டன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "எடா, நீ எந்தப் போட்டோ வச்சு டெஸ்ட் பண்ணுறே?"

காட்டினேன். சிரித்துவிட்டார்.

"இது உன் மூஞ்சி அல்லே. இதுக்குக் கனமே இல்ல, அதான் கேறிப் போகுது. அந்த மனுசன் அனுப்புறது நல்ல கனமுள்ள போட்டோ."

பத்து எம்.பி. வரை ஏற்கும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதற்கு முன்னால் நின்ற சர்வரோ, ஒரு எம்.பி.க்கு மேல் வந்ததையெல்லாம் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு, டிக்கை மட்டும் விழவிட்டிருந்தது. சேட்டன் சர்வரில் ஒரு வரியை மாற்றினார். முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எல்லாத்தையும் போடவா தம்பி?" இருமிக்கொண்டே கேட்டார்.

"போடுங்கண்ணே."

வந்தன. முதல் படத்தில் ஜாயின்ட்டைச் சுற்றிப் பொட்டளவு வெள்ளைப் பனி. அடுத்ததில் உள்ளங்கை அளவு. அதற்கடுத்ததில் பனி மூடி ஜாயின்ட்டையே காணோம். கடைசிப் படம் நடுங்கியிருந்தது. ஓரத்தில், மூக்கைப் பொத்திய ஈரத்துண்டின் நுனி. நான் எத்தனை முறை மறுபடி எடுக்கச் சொன்னேனோ, அத்தனை முறையும் அவர் அந்தக் குழாயருகே போய் நின்றிருக்கிறார்.

"மெக்கானிக்கை விளி," என்றார் சேட்டன். சிரிப்பு போயிருந்தது. அதற்குள் திரையில் டிக்கெட் தானாக மூடிக்கொண்டது. இணைப்பு ஏறிவிட்டதல்லவா. 'உங்கள் பிரச்சினை தீர்ந்தது' என்று அவருக்குச் செய்தியும் போய்விட்டது.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெக்கானிக்குக்குத் தகவல் சொல்லிவிட்டு, சேட்டனின் பைக்கில் தோப்பும்படி சந்திப்பைத் தாண்டிப் பறந்தோம். கும்பளங்கிப் பாலத்திலேயே நெடி மூச்சை அடைத்தது. ஆட்கள் கால்வாயின் மறுகரையில் கூட்டமாக நின்றார்கள். முருகேசன் அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். வால்வை மூட உள்ளே போய் வந்த அண்ணனைத் தரையில் உட்காரவைத்து, கண்ணில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே," என்றேன்.

"தம்பியா? போட்டோ வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"தெளிவா இருந்துச்சா?"

அந்தப் பிளான்ட் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா வந்தவர்கள் கரிமீன் தின்கிறார்கள். மண்டியும் இல்லை, மாடியும் இல்லை. ஹெல்ப் டெஸ்க்கை வேறொரு மென்பொருளுக்கு மாற்றியபோது எழுத்துகள் போய்ச் சேர்ந்தன, இணைப்புகள் விட்டுப்போயின. அந்தப் படங்கள் இனி எங்கும் கிடையாது. முருகேசன் அண்ணனுக்கு வலது கண் அப்போதே போனது. இடது கண் மெல்ல மெல்ல.

போன மாதம் அவருடைய மூத்த பெண்ணுக்குத் தென்காசியில் கல்யாணம். என்னால் போக முடியவில்லை. சின்னவள் படங்களை அனுப்பியிருந்தாள். சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"இவளுக எல்லாம், நல்லாருக்குன்னு ஒத்த வார்த்தைல முடிச்சுடுறாளுவ. நீங்க நிதானமா சொல்லுங்க தம்பி. புள்ள எப்படி இருக்கா?"