பூனை எந்த இலாகா?

நியூசிலாந்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ரயில்வே கம்பெனியில், தலைமை அலுவலகக் குமாஸ்தா. சம்பளம் கிடையாது. சனிக்கிழமை மதியம் மட்டும் ஆபீஸ். கம்பெனி இருந்தது ஆக்லாந்தின் பக்குரங்காவில், எங்கள் பக்கத்து வீட்டு கராஜில்.

திருச்சியில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் பல வருஷம் கோப்பு பார்த்தவள் நான். கணவருக்கு ஆக்லாந்தில் ஐ.டி. வேலை கிடைத்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட வந்துவிட்டேன். வந்த பிறகு எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் ஒரே பதில்: லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று துணி காயப்போட்டபடி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த குழாய் திரும்பி என் போர்வையை இன்னொரு முறை நனைத்தது.

"ரயில்வேயா? கடிதப் போக்குவரத்தா?" என்றார். "சனிக்கிழமை வர முடியுமா?"

அந்த கராஜில் காருக்கு இடமில்லை. சுவரைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் பலகை. அதன்மேல் தண்டவாளம், மூன்று ஸ்டேஷன், ஒரு சுரங்கம், சுண்டுவிரல் நகத்தளவு தொப்பி போட்ட பயணிகள். இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி காலத்தில் ஓடியதாக அவரும் நண்பர்களும் கற்பனை செய்துகொண்ட கம்பெனி அது. பொம்மை ரயில் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக ரயில் ஓட்டத்தான் ஆசை இருக்கும். இவருக்கு நிர்வாகத்தில் ஆசை.

"ரயிலை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அந்தக் காலத்துக் கம்பெனிகளை ஓட்டியது காகிதம்" என்றார்.

அவர்தான் ஜெனரல் மேனேஜர். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்பா வயதுக்காரரை எப்படிப் பெயர் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பதவி பெரிய நிம்மதி. ஜி.எம். என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அதில் பரம சந்தோஷம்.

மற்ற அதிகாரிகள் இரண்டே பேர். ஸ்டேஷன் மாஸ்டர், மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாட்களில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். சரக்குப் பிரிவு அதிகாரி, ஓய்வுபெற்ற பல் டாக்டர், இந்த ஊர்க்காரர். உள்ளே வந்ததும் எல்லோரும் மொபைலை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு எல்லாம் எழுத்தில்தான். வண்டி தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கம் எழுதுவார். அதற்கு நான் எண் போட்டு, பெரிய புத்தகத்தில் நகல் எடுத்து, ஜி.எம். பார்வைக்கு வைத்து, அவர் ஓரத்தில் கிறுக்கியதைப் பதிலாக எழுதி அனுப்புவேன். அனுப்புவது என்றால் கையை நீட்டிக் கொடுப்பது. ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தார்.

"இதுக்கா என் போர்வையை நனைச்சார்?" என்று முதல் நாள் வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். ஆனால் அடுத்த வாரமும் போனேன். உண்மையைச் சொன்னால், ஒரு கோப்பைத் தொட்டு எத்தனை மாதமாயிற்று!

நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பூனை வரும் வரை.

ஜி.எம். வீட்டுப் பூனை அது. ஒரு சனிக்கிழமை சுரங்கத்துக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறது. சரக்கு வண்டி உள்ளே போனது, வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு அலறல். பிறகு பூனை மட்டும் அந்தப் பக்கமாகப் பாய்ந்தது. அதன் பின்னாலேயே இழுபட்டு வந்த இரண்டு வேகன்கள் தரையில் விழுந்து நொறுங்கின. பல் டாக்டர் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கையால் செய்து, வண்ணம் பூசிய வேகன்கள்.

வாய்விட்டுத் திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் எழுதினார். சுரங்கத்தைச் சோதிக்காமல் வண்டிக்கு வழிவிட்டது ஸ்டேஷன் மாஸ்டரின் வெட்கக்கேடான அலட்சியம் என்று. ஸ்டேஷன் மாஸ்டர் பதில் எழுதினார், கண் தெரியாதவர்கள் சரக்குப் பிரிவில் எப்படி நியமிக்கப்பட்டார்கள் என்று. அந்தக் காலத்து மரபுப்படி ஒவ்வொரு வசவும் 'தங்கள் மிகப் பணிவுள்ள, கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்றுதான் முடிந்தது. பூனையின் சொந்தக்காரர்மேல் குற்றம் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. ஜெனரல் மேனேஜருக்கு விளக்கம் கேட்டு எழுத விதியில் இடமில்லையாம்.

விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் கொண்டுவரும் கடலைப்பருப்பு வடையை டாக்டர் தொடாமல் விட்டபோது சங்கடமாகிவிட்டது. மனிதர் அந்த வடைக்காகவே சனிக்கிழமை மதியம் சாப்பிடாமல் வருகிறவர்.

அந்த வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு போன் செய்தார்.

"தங்கச்சி, நான் இனி அந்தாளோட கதைக்க மாட்டன். எல்லாம் எழுத்தில வரட்டும்."

"இப்பவும் எழுத்துலதானே அண்ணா வருது?"

"ஓம், அது கம்பெனி விதி. இது எனக்கு உண்மையாவே கோவம். விளங்குதோ?"

விளங்கியது. ஜி.எம்.மோ வேலியோரம் நின்று, இப்படியே போனால் கம்பெனியை மூடிவிட வேண்டியதுதான் என்று கண் கலங்கினார். அந்த மூன்று பேருக்கும் வேறு சனிக்கிழமை கிடையாது. அன்றைக்கு ராத்திரிச் சமையலில் எனக்குக் கவனமே ஓடவில்லை.

திருச்சியில் இரண்டு பிரிவுகள் முட்டிக்கொண்டால் எங்கள் சூப்பிரண்டெண்ட் அம்மா தீர்ப்பே சொல்ல மாட்டார். தீர்ப்புச் சொன்னால் ஒருவருக்காவது கோபம் வரும். கேள்வி கேட்டால் இருவருக்கும் வேலை வரும். அடுத்த சனிக்கிழமை நான் இருவருக்கும் ஒரே கடிதத்தை நீட்டினேன். சம்பவத்தில் தொடர்புடைய பூனை கம்பெனி ஊழியரா, பயணியா, சரக்கா? ஊழியர் எனில் எந்த இலாகா? நியமன உத்தரவின் நகலை இணைக்கவும்.

இருவரும் பேனாவோடு குனிந்தார்கள். பூனை சரக்குக் கிடங்கில் எலி பிடிப்பதால் அது சரக்குப் பிரிவு ஊழியரே என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். பிளாட்பாரத்தில் படுத்துக் கிடப்பதால் அது பயணி, டிக்கெட் இல்லாத பயணியைப் பிடிக்காதது ஸ்டேஷனின் குற்றம் என்றார் டாக்டர். நான் விடவில்லை. ஊழியர் எனில், கடைசியாக எலி பிடித்ததற்கான சான்று எங்கே? சீருடை வழங்கப்பட்டதா? பயணி எனில், எந்த வகுப்பு?

ஸ்டேஷன் மாஸ்டர் வெகுநேரம் யோசித்து எழுதினார். நான் நகல் எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். 'நடத்தையைப் பார்த்தால் முதல் வகுப்பு. யாரையும் மதிப்பதில்லை, எங்கும் படுத்துக்கொள்கிறது, உணவைக் குறை சொல்கிறது.'

டாக்டரின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. மேசைமேல் தலையை வைத்துச் சிரித்தார்.

"முதல் வகுப்பா! அதை மாட்டு வேகனில்கூட ஏற்றக் கூடாது!" என்றார், வாய்விட்டு, ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து.

"அப்ப நீங்கள் ஒத்துக்கொள்ளுறீங்கள், அது சரக்கு எண்டு!" என்றார் அண்ணா. ஆர்வத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார். நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் மறுபடி சிரித்தார். வடைப் பொட்டலம் அந்தப் பக்கம் நகர்ந்தது. அன்று மாலை வண்டியே ஓடவில்லை. மாத்திரை எண்ணிப் பழகிய விரலும் பல் அடைத்துப் பழகிய விரலுமாகச் சேர்ந்து, உடைந்த வேகன்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. பூனையை உடனடியாகத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றி ஜி.எம். உத்தரவு போட்டார். அதாவது என் மடிக்கு.

கொஞ்ச நாளில் ஒடாஹுஹுவில் ஒரு லாரி கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கேள்வி கேட்ட அம்மா, சக ஊழியர்களுக்குள் சண்டை வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றார். எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. சரக்குப் பிரிவு, ஸ்டேஷன், நொறுங்கிய வேகன்கள் என்று ஆரம்பித்தேன்.

"எங்கே இந்த ரயில்வே?"

"பக்குரங்காவில்."

"பக்குரங்காவில் ரயிலே கிடையாதே?"

"ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு கராஜில்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். போச்சு என்று கைப்பையை எடுக்கப் போனேன். "மேலே சொல்லுங்கள்" என்றார். பூனை எந்த வகுப்பு என்ற இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளே வேலைக்கான அழைப்பு வந்தது. எங்கள் டிரைவர்களும் கிடங்குக்காரர்களும் இப்படித்தான் முட்டிக்கொள்கிறார்கள், நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்றார் அந்த அம்மா.

வேலையில் சனிக்கிழமை ஷிப்டும் உண்டு என்பதால் ரயில்வே கம்பெனிக்கு முறைப்படி ராஜினாமா எழுதினேன். ஜி.எம். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உரிய வழியில் வரவில்லையாம், ஸ்டேஷன் மாஸ்டர் மேலொப்பம் வேண்டுமாம். அண்ணா, ஆய்வில் இருக்கிறது என்கிறார். டாக்டர் ஆட்சேபணை தாக்கல் செய்திருக்கிறார்.

ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் அது எந்த மேசையில் இருக்கிறதென்று பார்க்கப் போகிறேன். "ராஜினாமாவை வாங்கிட்டு வந்துடறேன்" என்று நான் கிளம்பும்போதெல்லாம், "வரும்போது நாலு வடை எடுத்துட்டு வா" என்கிறார் என் கணவர்.