நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்

என் அண்ணனை வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ரசமட்டம் என்பார்கள். சுவர் சமமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கருவிதான். இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கிறதா என்று நாங்களெல்லாம் சீப்பை வைத்துப் பார்ப்போம். அவன் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் கண்ணாடியைப் பார்ப்பான், அவ்வளவுதான். எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். வாசலோரம் இருப்பது அவனுடையது, உள்ளே இருப்பது என்னுடையது. என் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் ஆட்கள் அவனுக்காகக் காத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

அவனுக்குப் போய்க் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் சும்மா இருக்கும்போது கட்டைவிரல் மட்டும் ஆடியது. டீ அதிகமாகிவிட்டது என்று சமாளித்தான். பிறகு சவரக்கத்தியை என்னிடம் தள்ளிவிட்டான். ஒருநாள் பேங்க்காரரின் காது மடலில் கத்தரி முனை கீறியது. அடுத்த முறை அவர் நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அண்ணன் கடையை மூலை முடுக்கு விடாமல் பெருக்கினான். அந்தப் பேங்க்காரர் என்னிடம் வரமாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! அன்றைக்கு அவர் கழுத்தில் துணியைக் கட்டியபோது அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

நரம்பு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மூளையில் சுரக்க வேண்டிய ஒன்று குறைந்துவிட்டது, அதனால்தான் நடுக்கமும் விறைப்பும் என்றார். முதலில் கொடுத்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தான். அடுத்துக் கொடுத்தது கைகொடுத்தது. கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. காலையில் மரக்கட்டையாகக் கிடப்பவன், மாத்திரை வேலை செய்ததும் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வருவான். கத்தரி பழையபடி பேசியது. அண்ணி வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அவன் நிறுத்த மறந்தான். மறந்தான் என்றா சொல்வது? எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. வாத்தியார் காதோரம் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வந்தார். இடது பக்கம் தூக்கலாக இருக்கிறது என்று இடதைக் குறைத்தான். இப்போது வலது தூக்கலாகத் தெரிந்தது. வலதைக் குறைத்தான். மறுபடி இடது. வாத்தியார் நல்ல மனிதர், ரசமட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிப்போனார். விழித்தபோது தலை உரித்த முட்டையாக இருந்தது.

"என்னப்பா இது?" என்றார்.

"இப்பதான் சார் சமமா வந்திருக்கு" என்றான் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக.

நான் சிரித்துத் தொலைத்தேன். அடுத்து தபால்காரர், அவருக்குப் பின் மருந்துக் கடைக்காரர் என்று வரிசையாக மொட்டையானபோது சிரிப்பு வரவில்லை. "போதும்டா" என்று கையைப் பிடித்தால் உதறுவான். தூக்கத்தில் எழுப்பப்பட்டவனைப் போல என்னை முறைப்பான். ஏன் வெட்டினாய் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லாமல் போனதே இல்லை. பின்னால் சுழி இருந்தது, உச்சியில் ஒரு முடி துருத்திக்கொண்டு நின்றது, வெளிச்சம் சரியில்லை. கேட்டால் நமக்கே நியாயமாகப் படும். அதுதான் கொடுமை.

டாக்டரிடம் ஓடினோம். அவர் எங்களைப் போல் அதிரவில்லை. "இந்த மாத்திரையில சிலருக்கு இப்படி ஆகும்மா. கையை ஓட வைக்கிறதும், இன்னும் செய்யணும், இன்னும் செய்யணும்னு தூண்டறதும் மூளையில கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். குறைச்சா அது அடங்கும். ஆனா நடுக்கம் திரும்ப வரும்."

"கத்தரி பிடிக்க முடியுமா?" என்றாள் அண்ணி.

"கஷ்டம். படிப்படியாத்தான் குறைக்கணும், முதல்ல காலை மாத்திரையைப் பாதியாக்கலாம். குறைக்கிறதா வேண்டாமான்னு அவரையே கேட்டு முடிவு பண்ணுங்க."

அவரையே கேட்பதாம்! எந்த அவரை? காலையில், மாத்திரைக்கு முன்னால் கேட்டோம். அண்ணன் விறைத்துப்போன தாடையைச் சிரமப்பட்டு அசைத்து, "குறைச்சிடு. வாத்தியார் மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றான். மாத்திரை இறங்கி, எழுந்து நடமாடியதும் அதே ஆள், "காலையில பேசினவன் பயந்தாங்கொள்ளி. அவன் பேச்சைக் கேட்டு என் கையை வெட்டிப் போட்ராதீங்க" என்றான். இரண்டு பேச்சும் மனதாரப் பேசிய பேச்சு. இரண்டுமே என் அண்ணன் குரல்தான். மறுநாளும் இதே கூத்து நடந்தது. எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அண்ணி என்னைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன்.

கடைசியில் அவள்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். கடை விடுமுறை நாள். அண்ணன் மாத்திரை சாப்பிட்டுத் தெளிவாக இருந்தான். அவள் கீழே இறங்கி வந்து வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே விழுந்த முடி. அதை அவன் ஒருநாளும் வெட்டியதில்லை, வெட்ட மனசு வராது என்பான்.

"அடியில மட்டும் வெட்டிவிடுங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும். நிறுத்திட்டீங்கன்னா மாத்திரை இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே பாதியாக்கிடலாம். சம்மதமா?"

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று துணியைப் போர்த்தினான். எனக்கும் நம்பிக்கை வந்தது. பெற்ற பிள்ளை தலையில் கைவைத்தாலும் வைப்பான், அண்ணி முடியில் கைவைக்கமாட்டான்.

அடியை நேராக ஒரு முறை வெட்டினான். அழகாக வந்தது.

"போதும், நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன்" என்றான். கத்தரி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். இந்தப் பக்கம் ஒரு இழை..."

நான் பாய்ந்தேன். அண்ணி துணிக்குள்ளிருந்து கையை நீட்டித் தடுத்தாள். "விடு தம்பி. நீ பிடிச்சு நிறுத்தினா அது அவர் நிறுத்தினதா ஆகாது."

முடி இடுப்புக்கு ஏறியது, முதுகுக்கு ஏறியது. தரையில் கருகருவென்று குவிந்தது. அவன் நெற்றியில் வேர்வை. கண்ணாடியில் அவள் கண்ணை ஒரு நொடி பார்த்தான். பார்த்தும் கை நிற்கவில்லை. தோளைத் தாண்டியதும் அவள் நிறுத்து என்று சொல்வதை விட்டுவிட்டாள். கழுத்தோரம் சமமாக வந்த பிறகு கத்தரியை மேசையில் வைத்துவிட்டு, "நிறுத்தினேனா இல்லையா?" என்று எங்கள் இருவரையும் பார்த்தான். அண்ணி துடைப்பத்தை எடுத்தாள்.

மறுநாள் காலை அண்ணன் அசையாமல் கிடந்தான். அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட அவனால் முடியவில்லை.

"எனக்குக் காது கேட்டுச்சு" என்றான். "நீ நிறுத்துன்னது நல்லா கேட்டுச்சு. கை தானா ஓடுச்சுன்னு சொன்னாலாவது நிம்மதியா இருக்கும். அப்படி இல்ல. எனக்கு வெட்டணும்னு இருந்துச்சு, வெட்டினேன். யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளல."

அண்ணி மாத்திரையை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை அவன் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மற்றப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி" என்றான் அண்ணன். "அதை நீயே வச்சுக்க. நான் கேட்டாக் குடுக்காதே. கெஞ்சினாலும் குடுக்காதே. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடையைத் திறக்க இறங்கினேன்.

முதல் ஆள் வருவதற்கு முன்பே படியில் காலடிச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தான். பொத்தான் ஒன்றுக்கொன்று மாறிப் போட்டிருந்தது. தன் நாற்காலிக்குப் பின்னால் நின்று சீப்பை எடுத்தான். விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான், அந்தக் கையும் ஆடியது.

"அந்தப் பாதி எங்கடா?"

"நீதானே சொன்னே, குடுக்காதேன்னு."

"சொன்னேன். இப்ப நான் குடுன்னு சொல்றேன்." சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. சின்ன வயதில் என் தலையை மடியில் வைத்து முடி வெட்டிவிட்டவனின் அதே நிதானமான குரல். "படுக்கையில பேசினது உன் அண்ணன்னா, இப்ப உன் முன்னால நிக்கிறது யாருடா?"

கொடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்றுதான் மனதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கை சட்டைப் பைக்குள் போயிருந்தது.