அக்காவின் புல்லட்டில் அத்தானுடன் மணப்பாடு வரை

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் பன்னிரண்டு பைக்குகளில் தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குப் போனோம். காரணம் என் அக்கா ஜெபராணி. அரசு நர்ஸாக இருந்தவள். முந்தின வருஷம் புற்றுநோயில் இறந்துபோனாள். கடைசி மாதங்களில் அவளுக்கு இரத்தம் கொடுத்தவர்கள் பலருடைய முகம்கூட எங்களுக்குத் தெரியாது. பதிலுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா? அக்கா ஒரு காலத்தில் வேலை பார்த்த மணப்பாட்டில் இரத்ததான முகாம் என்று நண்பர்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். ஞாயிறுதான் தோது. அன்றைக்கு அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

வெளியே சொன்ன காரணம் இது. எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது: அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். சாத்தான்குளத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அக்காவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் இறந்துவிட்டாள் என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அக்காவைக் கேட்டு யாராவது ஃபோன் செய்தால், “இப்ப இல்ல, பொறவு கூப்பிடுங்க” என்று வைத்துவிடுவார். வீட்டைப் பூட்டிக்கொண்டு இப்படியே இருந்தால் இந்த மனுஷன் நமக்கு மிஞ்சமாட்டார் என்று எனக்கு ஒரே பயம். அவர் வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

இதில் ஒரு வேடிக்கை, அத்தானுக்கு பைக் ஓட்டத் தெரியாது. புல்லட் அக்காவுடையது. அக்கா ஓட்ட, அத்தான் பின்னால் குடையும் கையுமாக உட்கார்ந்து போவதைப் பார்த்து சாத்தான்குளம் கடைவீதியே சிரித்திருக்கிறது. அக்காவுக்கு அதெல்லாம் தூசு. இப்போது அந்த வண்டியை நான் ஓட்டினேன். அத்தான் தன்னுடைய பழைய இடத்தில் ஏறிக்கொண்டார்.

காலை ஆறரைக்குத் துறைமுகத்துப் பக்கமிருந்து கிளம்பினோம். முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். உப்பு லாரிகள் ஒழுகவிட்டுப் போகும் தண்ணீரில் ரோடு வழுக்கும், ஜாக்கிரதை. நான் ஜாக்கிரதையாகத்தான் போனேன். பின்சீட்டுக்குப் போதவில்லை.

“ஜெபா இங்கன மூணாவது கியர்லதான் போவா மாப்ள.”

“வண்டி ஓட்டத் தெரியாதவிய கியர் சொல்லப்பிடாது அத்தான்.”

“இருவத்தஞ்சு வருசம் பின்னால இருந்திருக்கம்லா. சத்தத்தக் கேட்டாலே தெரியும்.”

முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைப் பார்த்துவிட்டு ஆத்தூரில் காலைச் சாப்பாடு. இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்துத் தலைக்கு அறுபது ரூபாய். எங்கள் பனியனில் ‘நினைவுப் பயணம்’ என்று இருந்ததைப் பார்த்த கடைக்காரர், “யாரு நெனவா அண்ணாச்சி?” என்று அத்தானிடமே கேட்டார். அத்தான் சட்னியைத் தொட்டுக்கொண்டே, “இது எங்க வீட்டம்மா ஏற்பாடு” என்றார். நான் பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினேன். இவரை ஏன் கூட்டிக்கொண்டு வந்தோம் என்றுகூடத் தோன்றியது.

காயல்பட்டினம் தாண்டி, திருச்செந்தூரில் கோயில் கூட்டத்தில் மாட்டாமல் வெளியே வந்து, குலசேகரன்பட்டினம் வழியாகப் போனால் மணப்பாடு. மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். நிதானமாகப் போய் ஒன்பதரைக்குச் சேர்ந்தோம்.

ஊர் முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். ‘மணப்பாட்டு நர்சம்மா குடும்பத்தார் நடத்தும் நினைவு இரத்ததான முகாம்.’ மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. அதன் நடுவில், ரோஜா மாலைக்குள், இரண்டு பக்கமும் விளக்கு எரிய, சிரித்தபடி அத்தான்.

முகாமை ஏற்பாடு செய்திருந்த உள்ளூர் நண்பன் ரெமி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பியது அக்காவும் அத்தானும் சேர்ந்திருந்த படம். “பைக் பயணம்னதும் செத்தவரு ஆம்பளதாம்னு அவனுவளே முடிவு பண்ணி அக்காவ வெட்டிட்டானுவ. நான் சமையல் வேலயில நின்னேன், பாக்கல” என்றான். அத்தான் வண்டியிலிருந்து இறங்கி, தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

பூசை முடிந்து வந்த பெண்களில் ஒருவர் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மரியபுஷ்பம், மீன் வியாபாரம் செய்கிறவர்.

“ஐயா, நர்சம்மா வீட்டுக்காரவியதான? நீங்க போய்ச் சேந்துட்டியன்னு நெனச்சுல்லா காலைல இருந்து அழுதுட்டு இருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எங்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நர்சம்மாவ எங்க? அவிய வரலியா?”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஜெபா செத்துப் போயிட்டாம்மா,” என்றார். “போன வருசம். நான்தான் இருக்கேன்.”

மரியபுஷ்பம் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எம் மவனப் பாம்பு கடிச்சப்ப, புல்லட்டுல வச்சு திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனவியல்லா” என்று அழுதார். அத்தானுக்குத் தெரியாத கதை அது. “எப்பம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்று கேட்டு, அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார்.

முகாமில் அத்தானுடைய இரத்தத்தை எடுக்கவில்லை, பிரஷர் எகிறியிருந்தது. டாக்டரிடம் கோபித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக அந்தப் பாம்பு கடித்த மகன் வந்து படுத்தான். மீன் குழம்பும் சோறுமாகச் சாப்பாடு போட்டார்கள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு பைக்குக்கு நானூறு ரூபாய் பெட்ரோல் தாராளம். இரத்தம் கொடுத்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். நாங்கள் இரவு தங்கிவிட்டுக் காலையில்தான் திரும்பினோம். ஊரின் மணல்மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்கு வெயில் தாழ ஏறுங்கள். துக்கத்தில் இருக்கிற ஆளைக் கூட்டிப் போனால், அவரை அறியாத ஊருக்கு அல்ல, அவர் இழந்தவரை அறிந்த ஊருக்குக் கூட்டிப் போங்கள். நாம் சொல்ல முடியாததை அந்த ஊர் கேட்டுவிடும்.

திரும்பும்போது அத்தான் கியர் சொல்லவில்லை. குலசேகரன்பட்டினம் தாண்டியதும் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மூன்றாவது கியரிலேயே போனேன். சட்டை நனைந்தது, கடற்காற்றில் காய்ந்தது, திருச்செந்தூர் வருவதற்குள் மறுபடியும் நனைந்தது.